முக்திநாத் போனவர்

"மூச்சு வாங்குதா? உயரத்துல அவசரப்படாம மெதுவா ஏறணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! தண்ணி குடிச்சீங்களா?" போனில் கத்தினாள் சாரதா.

கணவர் இருளப்பன் நேபாளத்து முக்திநாத் மலைக்கோயிலுக்குக் கிளம்பி மூன்று நாளாகிறது. அவர்கள் குடியிருக்கும் மலைத் தேயிலை எஸ்டேட்டே திரண்டு மாலை போட்டு வழியனுப்பியிருந்தது. விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு மோகனா கவலையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தலை வலிக்குது சாரதா..." ஸ்பீக்கரில் குரல் திணறியது.

"வலி கூடினா கீழ இறங்கிடுங்க. வீம்பு வேணாம் லா!"

"மலையில பொறந்த அண்ணனுக்கே இப்படியா? வேண்டிக்கிறேன் அக்கா" என்று மோகனா கிளம்பினாள்.

சாரதா கதவைத் தாழிட்டுவிட்டுப் படுக்கையறைக்குள் போனாள். கட்டிலில் போர்வையும் போனுமாக உட்கார்ந்திருந்தார் இருளப்பன்.

"ஏர்போர்ட் பஸ்ஸுல நம்ம மலையைவிட்டு தாப்பா ரோட்டுல கீழ இறங்கறதுக்கே வாந்தி எடுத்து, பாதி வழியில ரிங்லெட் ஊரோட திரும்பி வந்த ஆளுக்கு முக்திநாத் ஒரு கேடா? இன்னும் எத்தனை நாளைக்கு உங்களை ஒளிச்சு வைக்கிறது?"

"கோவிச்சுக்காதம்மா. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துட்டேன்னு சாயங்காலமே சொல்லிடவா?"

சாரதா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இப்பத்தானே தலைவலின்னீங்க? அவசரப்படாம மெதுவா ஏறுங்க!"