இருபத்தொரு நாள்

நகராண்மைக் கழகக் கவுண்டருக்குப் பின்னால் இருந்த புனிதா நிமிர்ந்தே பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

"தேதி முடிஞ்சு போச்சு அங்கிள். ஆட்சேபம் இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்திருக்கணும்."

நாகையா ஃபைலைக் கவுண்டர் மேல் வைத்தார். உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. பிளாட்டுக்கு முன்னால் இருக்கும் திடலில் முப்பது மாடி காண்டோ குடியிருப்பு வரக் கூடாது என்று நாலு புளோக்கும் ஏறி இறங்கி வாங்கியது. லிஃப்ட் எங்கே வேலை செய்கிறது?

மழைத் தண்ணீர் போய் நிற்பது அந்தத் திடலில்தான். அதை மேடாக்கிவிட்டால் கீழ்வீடுகளுக்குள்தான் வரும். போன வெள்ளத்தன்று நாகையா கிள்ளான் துறைமுகத்தில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்த மனைவி நல்லம்மாள் வீட்டில் தனியாக, மெத்தையோடு தண்ணீரில் கிடந்தாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர்தான் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். அந்தக் குற்ற உணர்ச்சியில் நாகையாவுக்கு இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

"எங்களுக்கே முந்தாநாள்தான் தெரியும்மா. இருபத்தொரு நாள் நோட்டிஸ் போர்டு வச்சோம்ங்கிறீங்க. எங்க வச்சீங்க?"

"திடல்லதான் அங்கிள்."

"பொய். பணக்காரனுக்குன்னா கவர்மென்ட் வீட்டுக் கதவத் தட்டிச் சொல்லும். நமக்குன்னா கண்ணுக்குத் தெரியாத எடத்துல போர்டு. ஏழை சொல்லு அம்பலம் ஏறாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். புனிதாவின் முகம் சுருங்கிப் போயிற்று.

அவர் விடவில்லை. "ஆடிக் கூழுக்கு நீயும் வந்தே லா. யாரோ ஒரு புண்ணியவான் உபயமாக் குடுத்த அம்மன் பேனரு, திடல் வாசல்ல. அதுக்குக் கீழ நின்னு ரெண்டு கிண்ணம் குடிச்சே. அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துருமா?"

"அன்னிக்கு எனக்கே தெரியாது அங்கிள். ஃபைல் நேத்துதான் என் மேசைக்கு வந்துச்சு. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

"உனக்குத் தூக்கமில்லையா? நான் வீட்டுக்குப் போய் நல்லம்மாகிட்ட என்ன சொல்லுவேன்? இனிமே வீட்டுக்குள்ள தண்ணி வர விடமாட்டேன்னு அவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிருக்கேன்."

புனிதா அவர் முகத்தைப் பார்க்காமல் தன் மேசையிலிருந்த ஃபைலைப் புரட்டினாள். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"அப்போ யாரோ போர்டை மறைச்சிருக்கான். உனக்கு ஆளு தெரியும். பேரச் சொல்லு, இப்பவே போலீஸ்ல ரிப்போர்ட் போடுறேன்."

அவள் அந்த ஃபைலிலிருந்து இரண்டு போட்டோக்களை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு முதலாவதை நகர்த்தினாள். திடல் வாசலில் இரண்டு இரும்புத் தூண், நடுவில் புத்தம் புது நோட்டிஸ் போர்டு. ரோட்டிலிருந்தே படிக்கலாம்.

"இது மொத நாள். இன்ஸ்பெக்டர் எடுத்தது."

இரண்டாவதில் அதே தூண்கள். போர்டு இருந்த இடத்தில் அம்மன் சிரித்துக்கொண்டிருந்தாள். பேனரின் அடியில் உபயம் செய்த கம்பெனியின் பெயர். காண்டோவுக்கு விண்ணப்பம் போட்டிருந்ததும் அதே கம்பெனிதான்.

"இது மூணாம் நாள். சாமி படம், அவுக்கச் சொன்னா பிரச்சினையாயிரும்னு இன்ஸ்பெக்டர் பயந்து திரும்பிட்டாரு. ஆடி முடியற வரைக்கும் யாரும் எறக்கல."

நாகையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போட்டோவைக் கிட்டே கொண்டு போனார். பேனரின் ஓரத்தில் ஓர் ஏணி. அதில் கண்ணாடி போடாத ஓர் ஆள், பல்லால் கயிற்றைக் கடித்தபடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி புனிதா குனிந்தாள்.

"ஏணி மேல நிக்கிறது நீங்க, அங்கிள்."