நனையாத கணவன்

"உன் வீட்டுக்காரர் மழையில நனைஞ்சு பார்த்திருக்கியா, சிகுசா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு உகோன்.

சிகுசா யோசித்தாள். பார்த்ததே இல்லை.

"மந்திரவாதிங்க காகிதத்துல ஆளை வெட்டி, மையால பேர் எழுதி ஊதினா உயிர் வந்துடும்டி. பேர் அழிஞ்சா ஆளும் காலி. உன் ஆளும் மந்திரவாதிதானே? தன்னை மாதிரியே ஒண்ணை உங்கிட்ட விட்டுட்டு, இப்ப எவ வீட்டுல இருக்காரோ!"

சிகுசாவுக்குத் திக்கென்றது. போன வருடம் அவளும் கணவன் நொரிமிச்சியும் சேர்ந்து பேய்ப்படையோடு போரிட்டதிலிருந்தே அவன் ஒரு மாதிரிதான் இருந்தான். தூறல் விழுந்தாலே கதவைச் சாத்துவான். பனி கொட்டினாலும் அறையில் தணல் போட்ட கணப்புச் சட்டி வைக்க விடமாட்டான்.

ஊரே தன் பீடையைக் காகிதப் பொம்மையில் ஊதி ஆற்றில் விடும் நாள் வந்தது.

"நாமளும் ஆத்துக்குப் போலாங்க."

அவன் முகம் வெளிறியது. "வேண்டவே வேண்டாம்."

"தண்ணின்னா ஏன் இப்படி நடுங்குறீங்க? நீங்க யாரு?"

அவள் தண்ணீர்ப் பானையைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்தாள்.

அவன் கரையவில்லை. சொட்டச் சொட்ட நின்று தும்மினான். அசல் மனிதன்தான்! சிகுசா நிம்மதியாகச் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "கையைத் துடை, சீக்கிரம்!" என்று அலறினான். பிறகு குரல் உடைந்தது. "சண்டையிலேர்ந்து நான் மட்டும்தான் திரும்பி வந்தேன், சிகுசா."

தண்ணீர் தெறித்த அவள் மணிக்கட்டில், அதுவரை கண்ணில் படாத அவள் பெயர் அவன் கையெழுத்தில் தெரிந்தது. அது எழுத்து எழுத்தாகக் கரைந்துகொண்டிருந்தது.