காற்றுக்கு ஒரு ஓட்டை

ஆனந்தராசா முதலாளி குழாய் வேலைக்காரன் றிஸ்கானுக்குத் தர வேண்டியிருந்தது நாற்பத்து மூவாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய்.

குளியலறைக்குக் குழாய் பூட்டிக் கொடுத்து ஏழு மாதம். சாமான்களைக் கிண்ணியாவில் ஒரு கடையில் றிஸ்கான் தன் பெயரில்தான் கடனுக்கு எடுத்திருந்தான். கடைக்காரர் சனிக்கிழமை வரை தவணை சொல்லிவிட்டார். தவறினால் மோட்டார் சைக்கிளைக் கடை வாசலில் விட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான். பாலம் தாண்டி வேலைக்கு வருகிறவனுக்கு அது போனால் கால் போன மாதிரி.

இந்த நேரத்தில்தான் முதலாளி மறுபடியும் கூப்பிட்டார். துறைமுகப் பக்கம் படகுக் கயிறும் பெயின்றும் விற்கிறவர். வீட்டு மண்டபத்தில் ஐந்தடிக் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல் மீன் வளர்க்கப் போகிறாராம்.

"பழசைத் தந்தாப் புதுசைச் செய்யலாம் முதலாளி."

"ரெண்டையும் சேர்த்துத் தாறன் தம்பி. இப்ப எங்கால காசு? உங்கட அக்காட காப்பே அடைவுகடையில கிடக்குது."

குசினி வாசலில் நின்ற அவர் மனைவி புஸ்பராணி, வெறுங்கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

றிஸ்கான் வேலையைத் தொடங்கினான். தொட்டி நின்றது ஒரு மர அலுமாரியின் மேல். அலுமாரியின் வலது பாதியில் கீழ்த் தொட்டியும் மோட்டரும். இடது பாதிக்குள் ஒரு குழாயும் போகக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. அதன் கதவில் கைமுட்டி அளவு பூட்டு.

"இதுக்குள்ள என்ன முதலாளி?"

"மீன் சாப்பாடு."

மீன் இன்னும் வாங்கவில்லை.

றிஸ்கான் அந்தப் பூட்டை இன்னொரு தரம் பார்த்தான். ஆள்தான் பெரிசு. வளைத்த கம்பி ஒன்று போதும்.

வியாழன் பின்னேரம் தண்ணீர் ஓடியது. மேல் தொட்டியில் நிரம்பி வழிவது ஒரு குழாயால் கீழ்த் தொட்டிக்கு இறங்க, மோட்டர் அதை இன்னொரு குழாயால் மேலே ஏற்றியது. ஏற்றுகிற குழாயில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, றிஸ்கான் சின்னதாக ஒரு ஓட்டை போட்டிருந்தான். முதலாளியின் கண்ணுக்கு அதுமட்டும் தப்பவில்லை.

"ஓட்டைக் குழாயைப் பூட்டிப்போட்டுக் காசும் கேப்பியோ?"

"அது காத்துக்கு முதலாளி. கரண்ட் போனா மோட்டர் நிக்கும். மேல் தண்ணி இதே குழாயால திரும்பக் கீழ இறங்கும். மட்டம் குறைஞ்சு ஓட்டை வெளிய தெரிஞ்சதும் காத்தை இழுக்கும், தண்ணி நிண்டிரும். அடைச்சா நிக்காது."

"நிக்காட்டி எவ்வளவு வரும் தம்பி?" புஸ்பராணி குசினி வாசலில் இருந்து கேட்டார்.

"கீழ்த் தொட்டி கொள்ளாதக்கா. இந்த அலுமாரி முழுக்கக் குளிக்கும்."

"கதை விடாத," என்றார் முதலாளி. "அடை. அடைச்சாத்தான் கூலி."

றிஸ்கான் பசை வைத்து அடைத்தான். 'ஓட்டையை அடைக்கச் சொன்னது நான்' என்று ஒரு கொப்பித் தாளில் எழுதி நீட்டினான். கையெழுத்துக்குக் காசு போகாது என்பதால் முதலாளி உடனே போட்டார்.

"கூலி, முதலாளி?"

"திங்கட்கிழமை பார்ப்பம்."

"நாளைக்குப் பின்னேரம் வீட்டில நிப்பீங்களா?"

"வெள்ளிக்கிழமையெல்லோ. அஞ்சரைக்குக் கோயிலுக்குப் போயிருவம். ஏன்?"

"சும்மா கேட்டன்."

போகிற போக்கில் முன்சுவரில் மெயின் சுவிட்சோடு இருந்த மீற்றர்ப் பெட்டியையும் மதில் உயரத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு றிஸ்கான் ஒழுங்கை முனையில் நின்றான். பைக்குள் வளைத்த கம்பி இருந்தது. முதலாளியின் கார் அவனைத் தாண்டிப் போனது; பக்கத்தில் இருந்த புஸ்பராணி திரும்பிப் பார்த்தார். அவன் கேற்றை நோக்கி நடந்தான்.

சனிக்கிழமை விடியவே போன் வந்தது. "உடன வா," என்றார் முதலாளி.

போய்ப் பார்த்தால், முற்றத்து உடுப்புக் கொடி இரண்டிலும் இந்தத் தலையில் இருந்து அந்தத் தலை வரை ஐயாயிரம் ரூபாய்த் தாள்கள் கிளிப்பில் தொங்கின. புஸ்பராணி வாளியோடு நின்றார்.

"உப்புத் தண்ணியெல்லோ தம்பி. நல்ல தண்ணியில அலசித்தான் போட்டனான்."

முதலாளி கதிரையில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். கொப்பித் தாளை றிஸ்கான் எடுத்துக் காட்ட முன்னமே எழும்பினார்.

"அதை விடு. இந்த ஒழுங்கையில எங்கட வீட்டில மட்டும்தான் கரண்ட் நிண்டிருக்கு. ஆரோ மெயின் சுவிட்சை இறக்கியிருக்கிறான். நேற்றுப் பின்னேரம் நீ எங்க நிண்டனி? சொல்லு. இல்லாட்டிப் பொலிசுக்குப் போவன்."

றிஸ்கான் ஒழுங்கையில் நின்றது உண்மை. கேற்றில் கை வைத்த பிறகு மனம் வராமல், கம்பியைத் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் எறிந்துவிட்டுத் திரும்பிப் போனதும் உண்மை. ஆனால் அதை யார் நம்புவார்?

"கோயிலடியில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டவர். நான் கண்டனான்," என்றார் புஸ்பராணி. "பொலிசுக்குப் போங்கோ. இவ்வளவு காசும் எங்கால எண்டு கேப்பாங்கள். அதையும் சொல்லிப்போட்டு வாங்கோ."

முதலாளி மெதுவாகத் திரும்பக் கதிரையில் உட்கார்ந்தார்.

புஸ்பராணி கொடியில் இருந்து பத்துத் தாளைக் கழற்றி எண்ணினார். "அம்பதாயிரம். பழசு போக மிச்சம் தொட்டிக் கூலி. சரியோ தம்பி?"

"சரியக்கா."

பிறகு காப்பு மீட்க எவ்வளவு வேணுமோ அவ்வளவையும் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். முதலாளி கொடியில் மிஞ்சிய தாள்களை எண்ணத் தொடங்கினார்.

ஈரத் தாள்களோடு கேற்றடிக்கு வந்த றிஸ்கான் குரலைத் தணித்தான். "காருக்குள்ள இருந்து என்னை ஒழுங்கையில கண்டீங்கதானே அக்கா. பிறகு ஏன் பொய் சொன்னீங்க?"

"செய்யாத ஆளை எப்பிடித் தம்பி மாட்டிவிடுறது?" என்றார் புஸ்பராணி. "அவர் காருக்குள்ள இருக்க, வீட்டைப் பூட்டி மெயின் சுவிட்சை இறக்கிப்போட்டுப் போனது நானெல்லோ."