இப்பத்தான் தூங்க வெச்சேன்

போர்முனைக்குப் போகும் இரட்டை எஞ்சின் ராணுவ விமானம் மேலெழும்பிச் சாய்கிறது. பெல்ட்டுக்கும் முழங்காலை நசுக்கும் வெடிமருந்துப் பெட்டிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சிப்பாய், கழுத்தை மட்டும் திருப்பி ஜன்னல் வழியே பார்க்கிறான். கீழே அவன் வீட்டு மொட்டைமாடி, நீலத் தண்ணீர்த்தொட்டி, கொடியில் பிள்ளைத் துணிகள். கை தானாக பெல்ட்டுக்குப் போகிறது.

"கழட்டாதப்பா!" விமானத்தின் சரக்குப் பொறுப்பாளர் கத்துகிறார்.

"அது என் வீடுண்ணே!"

காதைப் பிளக்கும் இரைச்சலில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. புரிந்ததுபோலக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு நகர்கிறார். விடுப்பில் இருந்தபோது இதே இரைச்சலுக்குத்தான் பிள்ளை வீறிட்டு எழும். இதோ, பிள்ளையை இடுக்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டாள் மனைவி. அண்ணாந்து பார்க்கிறாள். என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும்.

"பாழாப்போறவனே, இப்பத்தான் தூங்க வெச்சேன்!"