மிதிக்காத பழம்

கோட்டுச்சேரி முச்சந்தியில் எலுமிச்சம்பழம் ஒன்று கிடந்தது. நாலாக வகுந்து குங்குமம் அடைத்த பழம். யாருக்கோ திருஷ்டி சுற்றி இப்போதுதான் போட்டிருக்க வேண்டும். குங்குமத்தின் ஈரம்கூடக் காயவில்லை.

விளக்கு வைக்கிற நேரம். தெரு நிறையச் சனம்.

போலீஸ்காரர் கை காட்டினால் நிற்காத ஊர் இது. ஒரு எலுமிச்சம்பழத்துக்கு என்ன மரியாதை என்கிறீர்கள்! டியூஷன் முடிந்து வந்த பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு அரைவட்டம் அடித்துப் போனார்கள். கோட்டுச்சேரிமேட்டு மீன்காரம்மா காலிக் கூடையோடு சாக்கடை ஓரம்வரை ஒதுங்கினாள். திருநள்ளாற்றுக்கு நடந்து போகிற வெளியூர்க்காரர்கள்கூட, இருக்கிற சனி போதும் என்று நினைத்தார்களோ என்னவோ, விலகித்தான் நடந்தார்கள்.

மிதித்தவரை அது பிடித்துக்கொள்ளும் என்பது இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

தெரிந்தே மிதிக்கிற ஒரே ஆள் பூமிநாதன்.

மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கறுப்புச் சட்டைக்காரர். முப்பது வருஷமாக இந்த முச்சந்தியில் கிடந்த பூசணிக்காய், தேங்காய், எலுமிச்சம்பழம் எதையும் அவர் விட்டதில்லை. செருப்புக் காலால் நச்சென்று ஒரு மிதி. அப்புறம் ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்துத் திரும்பி, "பாத்துக்குங்கய்யா, ரெண்டு காலும் இருக்கு" என்று ஒரு சிரிப்பு. அதைப் பார்க்கவென்றே அங்கே நாலு பேர் காத்திருப்பார்கள். அவரால் ஊரில் ஒருத்தரும் திருந்தவில்லை என்பது வேறு கதை.

வீட்டிலேயே திருந்தவில்லையே! "ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான்ல கெடந்து அழணும்" என்று மனைவி ஞானசௌந்தரி முப்பது வருஷமாகத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அந்த ஞானசௌந்தரியை, விடிந்தால் புதுச்சேரிக்கு அழைத்துப் போக வேண்டும். இதயத்தில் ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவை சொன்னதில்தான் பூமிநாதனுக்குப் பயமே வந்தது.

"வர்றாரு பாரு" என்றார் ஆட்டோக்காரர் பஞ்சநாதன்.

பூமிநாதன் வேகவேகமாக வந்தார். எதிரே ஒரு மொபெட், ஓட்டுகிறவர் காதில் போனை வைத்துக்கொண்டு, நேராகப் பழத்தின் மேலேயே வந்தது. பூமிநாதன் ரோட்டில் இறங்கி இரண்டு கையையும் விரித்து மறித்துவிட்டார். வண்டிக்காரர் திட்டிக்கொண்டே வளைந்து போனார்.

பிறகு பூமிநாதன் செருப்பைக் கழற்றினார்.

வெறுங்காலைப் பழத்தின்மேல் வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் இறக்கி அழுத்தினார். சாறும் குங்குமமுமாக விரலிடுக்கில் பிதுங்கியது. காலை உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"அடேங்கப்பா, இன்னிக்கி வெறுங்காலுல்ல!" பஞ்சநாதன் கைதட்டினார். "சாருக்குத் துணிச்சல் கூடிக்கிட்டே போவுது!"

பூமிநாதன் திரும்பவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

வாசலில் கொழுந்தியாள் பிரதீபா கால் கழுவிக்கொண்டிருந்தாள். முச்சந்திக்குப் போய்விட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தவள் அவள்தான்.

"நீங்களும் கழுவிட்டு உள்ள போங்க மாமா" என்று சொம்பை நீட்டினாள்.

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார். கழுவினால் போய்விடுமோ என்று இருந்தது. அப்படி நினைத்ததற்கு அவருக்கே வெட்கமாகவும் இருந்தது.

ஞானசௌந்தரி கட்டிலில் சாய்ந்திருந்தாள். நெற்றியில் பிரதீபா இட்ட குங்குமம்.

"முச்சந்திப் பக்கமாவா போனீங்க? இது எனக்குச் சுத்துனது, இத மட்டும் மிதிச்சிராதீங்கன்னு அவ்வளவு சொன்னேனே. மிதிக்கலையே?"

"சே, நான் ஏன் மிதிக்கிறேன்" என்றார், சிவந்திருந்த காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டு.

"அப்பாடா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள் ஞானசௌந்தரி.

முப்பது வருஷத்தில், மிதிக்கவில்லை என்று பூமிநாதன் சொன்ன பழம் அது ஒன்றுதான்.