முதல் புகார்

"கொடியை இறக்கிடட்டுமாண்ணே?"

பட்டறை வாசலில் ஏணியைச் சாத்திவிட்டு மைக்செட்காரர் கேட்டார்.

"ஏன், மழை வருதா?" மோட்டார் மெக்கானிக் தலை நிமிராமல் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"விளையாடாதீங்க. தெருவுல தலைகாட்ட முடியல. டீக்கடையில என்னைப் பார்த்து, 'மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ, டெபாசிட் போச்சு'ங்கறான்."

"டெபாசிட் போகலையே?"

"அதைச் சொன்னேன். இன்னும் சிரிக்கிறான்."

மெக்கானிக் கம்பியைக் கீழே வைத்தார். அந்த வார்டில் கட்சியின் செயலாளர் அவர்தான். வீடு வீடாக ஏறி இறங்கியவர். நேற்று தோல்வி உறுதியானதும், கட்சி ஆபீஸ் நாற்காலிகளை மடித்து வைத்துவிட்டுக் கடைசி ஆளாகக் கிளம்பியவர்.

"ராத்திரி தூங்கினீங்களாண்ணே?"

"எங்க? நம்ம வீட்டு வாசல்லயே வெடிச்சுத் தள்ளிட்டாங்க. காலையில கதவைத் திறந்தா கால் வைக்க இடமில்ல, ஒரே வெடிக் காகிதம். நான்தான் பெருக்கினேன்."

"அண்ணி?"

"பாவம், தொண்டை கட்டிக்கிச்சு, வார்த்தையே வரல. கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு. வெந்நீர் வெச்சுக் கொடுத்துட்டு வந்தேன்."

மைக்செட்காரர் பெருமூச்சு விட்டார். "கட்சியே வேணாம்ணே. பொழப்பைப் பார்ப்போம்."

"இங்க பாருய்யா. போன தடவை தோத்தப்ப, உலகமே இடிஞ்சு விழுந்த மாதிரி அவங்க அழுதாங்க. விழுந்துச்சா? இன்னிக்கு ஆடறாங்க. ஜனங்க நம்மளை வீட்டுக்குப் போன்னு சொல்லல. எதிர்ல நின்னு கேள்வி கேளுன்னு சொல்லியிருக்காங்க. அது என்ன சின்ன வேலையா?"

அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். உள்ளே டீ நிறத்தில் தெருமுனைக் குழாய்த் தண்ணீர். அதைக் குடித்த ஒரு குழந்தை காமாலையில் படுத்திருந்தது. குழாயை மாற்றித் தருவதாக அதன் தாயிடம் அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"ஜெயிச்சாத்தான் செய்வேன்னு அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்லல. கிளம்பு. புது கவுன்சிலருக்கு வர்ற முதல் புகார் நம்மளோடதா இருக்கணும்."

"அந்த வாசலுக்கா? நீங்களா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்ணே!"

"சிரிக்கட்டும். வாய் வலிச்சா தானா நிறுத்திடும்."

கவுன்சிலர் வீட்டு வாசலில் பூங்கொத்தும் இனிப்புப் பெட்டியுமாக ஒரே கூட்டம். ஓரமாக வெடிக் காகிதம் குவிந்து கிடந்தது. மெக்கானிக்கைப் பார்த்ததும் விசில் பறந்தது.

"வழி விடுங்கப்பா! செயலாளர் வர்றாரு, மோட்டார் புகைஞ்சுபோச்சாம்!"

மைக்செட்காரர் அவர் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டார். மெக்கானிக் விறுவிறுவென்று படியேறி அழைப்பு மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்த புது கவுன்சிலர், அவரையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னங்க, சாவி எடுத்துட்டுப் போகலையா?" என்றார், கட்டிப்போன தொண்டையில்.

"வீட்டுக்காரனா வந்தா சாவி, எதிர்க்கட்சியா வந்தா மணி" என்றபடி மெக்கானிக் பாட்டிலை நீட்டினார். "தெருமுனைத் தண்ணி, கவுன்சிலரம்மா. குழாயை எப்ப மாத்தப்போறீங்க?"