ஏரிக்கு வந்த கத்திரி

ஸ்வெட்டரைத் தேடித்தான் அக்கா பெட்டிக்குள் கையை விட்டாள். கைக்குக் கிடைத்தது கத்திரி.

துணி வெட்டுகிற பெரிய கத்திரி. பழைய துணியில் சுற்றி, நாடாவால் கட்டி, பெட்டியின் அடியில் கிடந்தது.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. நாலு நாள் ஏரியைப் பார்த்துவிட்டு வருவதற்குத் தையற்காரியின் கத்திரி எதற்கு?

ஜன்னலுக்குக் கீழே ஏரி பளபளத்துக்கொண்டிருந்தது. மலைமேல் இவ்வளவு தண்ணீரை யார் கொண்டுவந்து ஊற்றினார்கள் என்று நேற்று வந்ததிலிருந்து எல்லோரையும் கேட்டுக் கேட்டுச் சலிக்க வைத்திருந்தாள். இத்தனை வயதில் முதல் சுற்றுலா. தையல் மிஷினைத் தவிர வேறெதையும் மிதித்தறியாத கால்கள் இன்று படகு மிதிக்கப் போகின்றன.

படகுத் துறையில் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் அவர்கள் மகளும் காத்திருந்தார்கள். ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு இதோ வந்துவிடுகிறேன் என்றுதான் அவள் மாடியறைக்கு ஏறி வந்தாள்.

பெட்டியை அவள் அடுக்கவில்லை. நீ ஒன்றையும் தொடாதே, எல்லாவற்றையும் என் பெண்டாட்டியே அடுக்கிவிட்டாள் என்று தம்பி சொல்லிவிட்டான். எத்தனை பேருக்கு இப்படி ஒரு யோகம் வாய்க்கும் என்று அக்கா பூரித்துப்போனாள்.

ஸ்வெட்டர் எங்கே என்று இன்னும் கொஞ்சம் கிளறினாள். அவளுடைய துணிமணி அத்தனையும் இருந்தது. வெயிலுக்குப் போடுவது, மழைக்குப் போடுவது எல்லாம். மாத்திரை அட்டைகள் கட்டுக்கட்டாக இருந்தன. அவற்றுக்கும் கீழே, அவள் அறைச் சுவரில் தொங்கிய அப்பா அம்மா படம், சட்டத்தோடு.

சிரிப்பு நின்றுபோயிற்று.

நேற்று வந்து இறங்கியதும் விடுதி மேனேஜரம்மா அவளிடம் திரைச்சீலை தைப்பீர்களா, மெத்தை உறை தைப்பீர்களா என்றெல்லாம் விசாரித்தாள். சும்மா பேச்சுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து அக்கா தன் பெருமையெல்லாம் அவிழ்த்துவிட்டாள். பின்பக்கம் ஓர் அறையைக்கூட அந்தம்மா திறந்து காட்டினாள். ஒரு கட்டில், ஒரு தையல் மிஷின். தைக்கிற ஆள் கொடுத்துவைத்தவள், என்ன வெளிச்சம், என்ன காற்று என்று வாயாரச் சொன்னது அக்காதான்.

அடக் கடவுளே. அந்த ஆள் நான்தானா?

கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவளை இங்கே வேலைக்கு விட்டுவிட்டு மற்ற மூன்று பேரும் வீட்டுக்குத் திரும்பப் போகிறார்கள்.

யார் வேலை இது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. முன்னறையைக் காலி பண்ண வேண்டும் என்ற பேச்சு வீட்டில் கொஞ்ச நாளாகவே அடிபட்டது. அவள் தைப்பதும் படுப்பதும் அந்த அறையில்தான். கிளம்புகிற அன்று காலையில் தம்பி பெண்டாட்டி சமையலறை வாசலில் அவளை நிறுத்தி, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"உடம்பு முடியலேன்னு சொல்லிட்டு நீங்க வீட்லயே இருந்துடுங்களேன் அக்கா."

அக்காவுக்குச் சுருக்கென்றது. நான் வந்தால் காரில் இடம் பற்றாதோ? வீம்புக்கென்றே முதல் ஆளாகப் போய் ஏறிக்கொண்டாள்.

வழியெல்லாம் அந்தப் பெண் இவள் பக்கம் திரும்பவே இல்லை. கண் இரண்டும் சிவந்துகிடந்தன. கேட்டால், காற்று படுகிறதாம்.

பாவி! ஒரே வீட்டில் இருந்துகொண்டு இப்படிக் கழுத்தை அறுத்துவிட்டாளே.

தம்பிக்குத் தெரிந்தால் கொதித்துப்போவான். அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. அவன் உடம்பில் ஏறிய சட்டை ஒவ்வொன்றும் அவள் தைத்தது, இன்றைக்குப் போட்டிருக்கிற நீலக் கட்டம் போட்ட சட்டை உட்பட. இடக்கையால் எழுதுகிறான் என்று பள்ளிக்கூடத்தில் அவன் விரலில் அடித்தபோது, அங்கே போய் ஒரு பிடி பிடித்தவள் அவள்தான். ஷூ நாடா கட்ட வராமல் அவன் அழுதால் எதிரே உட்கார்ந்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி, இடம் வலம் மாற்றிக் கட்டிக் காட்டுவாள். அந்த வீட்டில் வேறு யாருக்கும் இடக்கைப் பழக்கம் கிடையாது.

"அக்கா, இன்னும் என்ன பண்றே? நீ இல்லாம படகுல ஏற மாட்டேங்கிறா உன் மருமக!"

கீழேயிருந்து தம்பிதான் கூப்பிட்டான். அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது.

வருகிறேன்டா. கத்திரியோடு வருகிறேன். உன் பெண்டாட்டி பண்ணியிருக்கிற காரியத்தை நீயே வந்து பார்.

நாடாவின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அவிழவில்லை. இன்னும் இறுகியது.

கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். துணியில் மிஷின் எண்ணெய் புதிதாகத் தடவியிருந்தது. முனை துணியைக் கிழிக்காமலிருக்க ஒரு தக்கையில் செருகியிருந்தது விரலுக்குத் தெரிந்தது. நாடா சரியாக இரண்டு சுற்று, அப்புறம் ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி ஒரு சுருக்கு.

அவளுடைய கத்திரியை வீட்டில் யாரும் தொடக்கூடாது. ராத்திரி எண்ணெய் தடவிச் சுற்றி வைப்பதற்கு மட்டும், ரொம்ப காலத்துக்கு முன்னால், ஒரு பையனைப் பழக்கியிருந்தாள்.

சுருக்கின் காது, அவள் கட்டினால் விழுகிற பக்கத்துக்கு மறுபக்கம் விழுந்திருந்தது.

வெகுநேரம் அதையே பார்த்தாள். சமையலறை வாசலில் நின்ற பெண்ணின் சிவந்த கண்கள் நினைவுக்கு வந்தன. அது ஒரு வார்த்தை சொல்லத்தானே பார்த்தது.

கீழே தம்பி மறுபடியும் கூப்பிட்டான்.

அக்கா கத்திரியை மடியில் வைத்துக்கொண்டு, நாடாவின் மறுநுனியை இடக்கையால் பிடித்து இழுத்தாள்.

ஒரே இழுப்பில் அவிழ்ந்தது.